வாடிப்போன வாடாமல்லி... உங்க பெயின்ட் டியூபுக்குள் ஒளிஞ்சிருக்கும் 18 வயசுப் பையனின் கதை!

குடவாசல் கடைத்தெருவில் எந்த ஜவுளிக்கடைக்குள் நுழைஞ்சாலும் சரி, சிவப்புக்கும் ஊதாவுக்கும் நடுவில் இருக்கும் கலர்களுக்கு நம்ம ஆட்கள் கச்சிதமா பேர் வெச்சிருப்பாங்க. ரோஸ், ராணி பிங்க், வாடாமல்லி, கத்தரிப்பூ. மடிச்சு வெச்ச புடவையின் ஓரத்தைப் பார்த்தே அத்தைமார்கள் பிரிச்சுச் சொல்லிடுவாங்க. அதே கலர்களை ஆயில் பெயின்ட்டா வாங்கலாம்னு போனில் தேடிப் பாருங்க, தலை சுத்தும். ரோஸ் மேடர், அலிசரின் க்ரிம்சன், பர்மனென்ட் ரோஸ், குயினாக்ரிடோன் மெஜந்தா... ஸ்க்ரீனில் பார்த்தா எல்லாம் ஒண்ணு போலவே இருக்கும். விலையில் மட்டும் ஏணி வெச்சாலும் எட்டாத வித்தியாசம்.

இதில் எதை வாங்கினா நீங்க வரையுற தாமரை பத்து வருஷம் கழிச்சும் தாமரையாவே இருக்கும்? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனா, கிழக்கு லண்டனில் ஒரு வீட்டு மாடி ரூமில், கையெல்லாம் கறையோடு நிக்கிற 18 வயசுப் பையன்கிட்ட போய்ச் சேருவீங்க. அவர் பெயர் வில்லியம் ஹென்றி பெர்கின். கெமிஸ்ட்ரி படிச்சவங்களுக்கு 'பெர்கின் வினை'ன்னு சொன்னா ஞாபகம் வரும். படிக்காதவங்களும் கவலைப்பட வேணாம், இந்தக் கதைக்கு மார்க் கிடையாது.

1838 மார்ச் 12-ல் லண்டன் ஷாட்வெல் பகுதியில் பிறந்தவர் பெர்கின். அப்பா கட்டட கான்ட்ராக்டர், பிள்ளை ஆர்க்கிடெக்ட் ஆகணும்னு அவருக்கு ஆசை. பிள்ளைக்கோ ஓவியம், போட்டோகிராபி, இசைன்னு பல பக்கம் மனசு. ஸ்கூலில் ஒரு நண்பன் காட்டின படிக உப்புகளைப் பார்த்ததும் மனசு கெமிஸ்ட்ரி பக்கம் சாய்ஞ்சுடுச்சு. 15 வயசில் ராயல் காலேஜ் ஆஃப் கெமிஸ்ட்ரியில் சேர்ந்தார். அங்கே ஆசிரியர் ஜெர்மனியிலிருந்து வந்த ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன். நிலக்கரித் தாரை வெச்சு என்னவெல்லாம் செய்யலாம்னு ராத்திரி பகலா யோசிச்ச மனுஷன்.

ஹாஃப்மன் இந்தப் பையனுக்குக் கொடுத்த முதல் வேலை, தாரில் கிடைக்கிற ஆந்த்ரசீன் என்ற பொருளை ஆராயுறது. அது சரியா வரலை. ஆனா, ஆந்த்ரசீன் என்ற பெயரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு.

அதே காலேஜில் ஆர்தர் ஹெர்பர்ட் சர்ச் என்ற சீனியரோடு பெர்கினுக்கு நட்பு உண்டாச்சு. ரெண்டு பேருக்கும் கெமிஸ்ட்ரியைத் தாண்டி ஒரு பொதுவான கிறுக்கு இருந்தது, ஓவியம். பெர்கின் தன் வீட்டிலேயே ஒரு சின்ன லேப் வெச்சிருந்தார். அங்கே சேர்ந்து பரிசோதனைகள் செய்வாங்க. இந்த சர்ச்சும் பின்னாடி நமக்கு வேணும்.

மலேரியாவுக்கு மருந்து தேடப் போய்...

1856 ஈஸ்டர் லீவு. ஹாஃப்மன் ஊருக்குப் போயிட்டார். பெர்கின் வீட்டு லேபில் ஒரு பெரிய ஆசையோடு உட்கார்ந்தார். குயினைனைச் செயற்கையா செய்யணும். அப்போ மலேரியாவுக்கு இருந்த ஒரே நல்ல மருந்து அது. தென் அமெரிக்காவின் சின்கோனா மரப்பட்டையிலிருந்துதான் வரணும். இந்தியா மாதிரி நாடுகளைப் பிடிச்சு வெச்சிருந்த ஆங்கிலேயர்களுக்கு அது உயிர்ப் பிரச்னை. எந்த அளவுக்குன்னா, அடுத்த சில வருஷங்களிலேயே அந்த மரத்தைக் கடல் கடந்து கொண்டுவந்து நம்ம நீலகிரியில் நட்டு வளர்க்க ஆரம்பிச்சாங்க.

பெர்கினுக்குக் குயினைன் கிடைக்கலை. தாரிலிருந்து எடுத்த அனிலினோடு பொட்டாசியம் டைக்ரோமேட்டைச் சேர்த்ததில் பாத்திரத்தின் அடியில் கறுப்பா ஒரு சகதி தங்கினது. வேற யாரா இருந்தாலும் கழுவிக் கொட்டியிருப்பாங்க. இவர் அதை ஆல்கஹால் விட்டுக் கழுவினப்போ, கண்ணைப் பறிக்கிற ஊதா கலர் கரைஞ்சு வந்தது. பட்டுத்துணியை முக்கினார், ஒட்டிக்கிச்சு. துவைச்சாலும் போகலை, வெயிலிலும் சீக்கிரம் வெளுக்கலை. நம்ம பாஷையில் கத்தரிப்பூ கலர். உலகம் அதை 'மோவ்'னு கூப்பிட்டது.

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கு. அன்றைக்குக் கிடைச்ச அனிலின் சுத்தமானது கிடையாது. டொலுயிடின் என்ற ஒரு பொருளும் அதில் கலந்திருந்தது. அனிலினோடு ஒரு மீத்தைல் தொகுதி கூடுதலா ஒட்டியிருந்தா அதுதான் டொலுயிடின். அந்தக் கலப்படம் இல்லைன்னா மோவ் வந்திருக்காது. சுத்தமான பொருள் வாங்கற வசதி இருந்திருந்தா, பெர்கின் பேர் இன்னைக்கு நமக்குத் தெரிஞ்சிருக்காது.

ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் பெரிய சாயப்பட்டறை வெச்சிருந்த புல்லர்ஸ் கம்பெனிக்குச் சாம்பிள் அனுப்பினார். செலவு அதிகமாகாம செய்ய முடிஞ்சா இது பெரிய விஷயம்னு பதில் வந்தது. அந்த ஆகஸ்ட்டிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார். ஹாஃப்மனுக்குக் கோபம். நல்லா ஆராய்ச்சி செய்யுற பையன் சாயம் காய்ச்சப் போறானேன்னு வருத்தம். ஆனா, ஆர்க்கிடெக்ட் ஆகணும்னு ஆசைப்பட்ட அதே அப்பா, வாழ்நாள் சேமிப்பில் பெரும்பகுதியை எடுத்து மகன் கையில் கொடுத்தார். அண்ணன் தாமஸும் கூட்டுச் சேர்ந்தார். 1857-ல் லண்டனுக்கு வெளியே கிரீன்ஃபோர்டில், கால்வாய்க் கரையில் ஃபேக்டரி எழுந்தது. முன்ன பின்ன ஒரு கெமிக்கல் ஃபேக்டரிக்குள் காலடி வெச்சதில்லை, மூணு பேருமே!

பட்டில் சுலபமா ஏறின மோவ், பருத்தியில் ஏற மறுத்தது. டானின் என்ற துவர்ப்புப் பொருளை முதலில் துணியில் ஏத்திட்டு, அப்புறம் சாயம் போட்டா பிடிக்கும்னு பெர்கின் கண்டுபிடிச்சார். பருத்தி விஷயத்தில் துவர்ப்பின் அருமையைச் சோழமண்டலக் கரைச் சாயக்காரர்கள் பல தலைமுறையா தெரிஞ்சு வெச்சிருந்தாங்க. அவங்க போட்டது கடுக்காய்.

1858 ஜனவரியில் விக்டோரியா மகாராணி மகள் கல்யாணத்துக்கு மோவ் நிறத்தில் உடுத்திக்கிட்டு வந்தார். பாரிஸிலும் அந்தக் கலர்தான் ஃபேஷன். லண்டன் தெருவெல்லாம் கத்தரிப்பூ. பெர்கின் இருபது வயசிலேயே பணக்காரர்.

போர்க்களத்தின் பெயர் வெச்ச கலர்

ஃபேஷன்னா போட்டி வராம இருக்குமா? 1859-ல் பிரான்ஸின் லியோன் நகரில் ஃபிரான்ஸ்வா இமானுவல் வெர்கன் என்பவர் அதே அனிலினை வேற மாதிரி சமைச்சார். பளீர்னு ஒரு சிவப்பு ஊதா வந்தது. நம்ம வாடாமல்லிக்கும் ராணி பிங்க்குக்கும் நடுவில் நிக்கிற கலர். ஃபுஷியா பூவை வெச்சு முதலில் 'ஃபுஷ்சின்'னு பேர் வெச்சாங்க. அதே வருஷம் ஜூன் 4-ல் இத்தாலியில் மெஜந்தா என்ற ஊருக்குப் பக்கத்தில் பிரான்ஸும் ஆஸ்திரியாவும் மோதின பெரிய போர். பிரான்ஸ் ஜெயிச்சது. அந்த வெற்றியோட பேர் கலருக்கும் ஒட்டிக்கிச்சு. ஆயிரக்கணக்கான பேர் செத்து விழுந்த ஒரு வயல்காட்டின் பெயரைத்தான், பிரின்டரில் இங்க் தீர்ந்துபோகும்போதெல்லாம் நாம சொல்லிக்கிட்டிருக்கோம்.

மெஜந்தா வந்ததும் மோவ் மவுசு இறங்கினது. இங்கிலாந்தில் மெஜந்தாவை ஆர்செனிக் அமிலம் போட்டுக் காய்ச்சினாங்க. கழிவும் நஞ்சு. துணியில் பார்க்கிறப்போ அழகு. ஆனா, ஓவியர்கள் அதைத் தங்கள் பெயின்ட்டுக்குள் கொண்டுவந்தப்போதான் பிரச்னை தெரிஞ்சது.

இங்கே சின்னதா ஒரு விளக்கம். சாயம் வேற, நிறமி வேற. சாயம் தண்ணீரில் கரையும். நிறமி கரையாத பொடி, எண்ணெயில் குழைச்சா ஆயில் பெயின்ட். கரையுற சாயத்தைப் படிகாரம் மாதிரி ஒரு உப்போடு பிணைச்சுக் கரையாத பொடியா இறக்கினா அதுக்கு 'லேக்'னு பேர். ஏரிக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது, அரக்கு என்ற சொல்லோட உறவு. அந்தக் காலத்து ரோஸ், மெஜந்தா டியூப் எல்லாம் இந்த லேக்தான். அனிலின் சாயங்களில் செஞ்ச லேக்குகளில் பலதும் வெளிச்சம் பட்டா வெளுத்துடும். வாடாமல்லி வாடிடுச்சு.

1874-ல் ஜெர்மனியின் ஹைன்ரிக் கேரோ இயோசின் என்ற பளிச் சிவப்பைக் கண்டுபிடிச்சார். அதில் செஞ்ச பெயின்ட்டுக்கு ஜெரேனியம் லேக்னு பேர். அதை ஆசையா வாங்கினவர்களில் ஒருத்தர் வின்சென்ட் வான் கோ. இந்தக் கலர்கள் வெளுக்கும்னு அவருக்கும் தெரியும். தெரிஞ்சே அள்ளிப் பூசினார். 1890 மே மாசம் அவர் வரைஞ்ச ரோஜாப் படங்களை கூகுளில் பாருங்க. வெள்ளை ரோஜான்னு நினைப்பீங்க. வரைஞ்சப்போ அதெல்லாம் ரோஸ் கலர்.

பெர்கினின் பழைய தோழர் சர்ச் இப்போ கதைக்குள் திரும்ப வர்றார். 1879-ல் லண்டன் ராயல் அகாடமியில் அவர் கெமிஸ்ட்ரி பேராசிரியர் ஆனார். அதாவது, ஓவியர்களுக்கு கெமிஸ்ட்ரி சொல்லித்தர்ற வேலை. எந்த நிறமி நிலைக்கும், எது ஏமாத்தும்னு வெயிலில் வெச்சுப் பார்த்து, 1890-ல் ஒரு முழு புத்தகமே எழுதினார். நிலக்கரித் தார் சாயங்களில் செஞ்ச பெயின்ட்களை நம்ப வேணாம்னு ஓவியர்களை எச்சரிச்சார். ஒண்ணா லேபில் நின்ன ரெண்டு நண்பர்கள். ஒருத்தர் அந்தச் சாயத் தொழிலையே தொடங்கி வெச்சவர், இன்னொருத்தர் அதுகிட்டேயிருந்து ஓவியங்களைக் காப்பாத்தப் பார்த்தவர். எனக்கு இந்த வாழ்க்கையில் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

ஒரே ஒரு நாள் வித்தியாசம்

சரி, ரோஸ் மேடருக்கு வருவோம். நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி பார்த்திருப்பீங்க. அதோட ஐரோப்பியச் சொந்தக்காரச் செடிதான் மேடர். அதன் வேரில் அலிசரின், பர்ப்யூரின்னு ரெண்டு சிவப்புகள் இருக்கு. ஐரோப்பிய ஓவியர்களின் கன்னச் சிவப்பும் பட்டு மடிப்பும் காலங்காலமா இந்த வேரிலிருந்துதான் வந்தது. பிரெஞ்சு ராணுவத்தின் சிவப்பு பேன்ட்டுக்கும் அதே வேர்தான். பிரான்ஸ், ஹாலந்து, துருக்கின்னு பல ஊர் விவசாயிகள் அதை நம்பி இருந்தாங்க.

நம்ம கடற்கரையில் அந்த இடத்தைப் பிடிச்சிருந்தது சாயவேர். இம்பூறல்னும் சொல்வாங்க. மணல்பாங்கான நிலத்தில் வளர்ற சின்னச் செடி, வேரைத் தோண்டித்தான் எடுக்கணும். பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவெச்சு, படிகாரக் கரைசலால் படம் எழுதி, அப்புறம் சாயவேர்க் கொப்பரையில் வேகவெச்சா, படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவந்துடும். நாகப்பட்டினம், தரங்கம்பாடி துறைமுகங்களிலிருந்து ஐரோப்பியர்கள் கப்பல் கப்பலா ஏத்திக்கிட்டுப் போன சோழமண்டலப் பூந்துணிகளின் சிவப்பு இதுதான். தஞ்சை மராத்திய அரச குடும்பத்துக்காக நெய்த கோடாலிக்கருப்பூர் புடவைகளின் சிவப்பும் இந்த வழி வந்ததே. குடவாசலிலிருந்து கும்பகோணம் வழியா போனா, சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்னமும் துணியில் கையால் எழுதும் கலம்காரிக் குடும்பங்கள் இருக்கு.

1868-ல் பெர்லினில் கிரேபே, லீபர்மான் என்ற ரெண்டு பேர், அலிசரினை ஆந்த்ரசீனிலிருந்து செய்ய முடியும்னு காட்டினாங்க. ஆந்த்ரசீன், ஞாபகம் இருக்கா? பெர்கினுக்கு 15 வயசில் கைகொடுக்காத அதே பொருள். பெர்லின்காரங்க வழியில் புரோமின் வேணும், செலவு கையைக் கடிக்கும். பெர்கின் தன் பழைய அனுபவத்தை வெச்சுக் கந்தக அமிலத்தில் மலிவா ஒரு வழி கண்டுபிடிச்சார். 1869 ஜூன் 26-ல் லண்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். முந்தின நாள், ஜூன் 25-ல், அதே முறைக்கு அதே இடத்தில் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப் கம்பெனி சார்பில் விண்ணப்பம் வந்திருந்தது. கிரேபே, லீபர்மானோடு மூணாவதா இருந்த பெயர், இயோசின் கண்டுபிடிக்கப்போகும் அதே கேரோ!

கோர்ட்டு, கேஸுன்னு இழுக்காம சந்தையைப் பிரிச்சுக்கிட்டாங்க. இங்கிலாந்து பெர்கினுக்கு, ஐரோப்பா ஜெர்மன்காரங்களுக்கு. 1869-ல் ஒரு டன் அலிசரின் செஞ்ச கிரீன்ஃபோர்டு ஃபேக்டரி, 1871-ல் செஞ்சது 220 டன்.

அப்புறம் நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். மேடர் விலை தரையில் விழுந்தது. சில வருஷங்களிலேயே பிரான்ஸின் மேடர் வயல்கள் காலி. பிரெஞ்சு ராணுவ பேன்ட்டுக்கே கடைசியில் ஜெர்மன் அலிசரின் வந்து சேர்ந்தது. நம்ம பக்கமும் 19-ம் நூற்றாண்டு முடியறதுக்குள் மதராஸ் மாகாணச் சாயக்காரர்கள் டின்னில் வந்த அலிசரினுக்கு மாறிக்கிட்டிருந்தாங்க. மதுரையில் சுங்குடிக்குச் சாயம் போட்ட சௌராஷ்டிரக் குடும்பங்கள் உட்பட. வெயிலில் மணலைத் தோண்டி வேர் எடுக்கிறதைவிட டின்னைத் திறக்கிறது எவ்வளவோ சுலபம், அவங்களைக் குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா, வேர் தோண்டினவங்களுக்கு யார் என்ன பதில் சொன்னாங்க? பெர்கினின் வாழ்க்கையை எழுதுறவங்க இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிப் போயிடுறாங்க. பேட்டன்ட் தேதி இருக்கு, டன் கணக்கு இருக்கு, நம்ம கடற்கரையில் வேர் தோண்டினவங்க பெயர் ஒண்ணுகூட இல்லை.

பெர்கின் 1874-ல், 36 வயசில், ஃபேக்டரியை வித்துட்டார். ஹாஃப்மனின் வருத்தத்துக்கு இதுதான் பதில் போல. மிச்ச வாழ்நாளை வீட்டு லேபில் ஆராய்ச்சிக்கே கொடுத்தார். புல் வாசனையுள்ள கூமரினை அவர் செயற்கையா செஞ்சதுதான் செயற்கை வாசனைத் திரவியங்களுக்கு ஒரு தொடக்கம். 1906-ல் மோவ் கண்டுபிடிச்ச 50-வது ஆண்டைக் கொண்டாடினாங்க, சர் பட்டம் கொடுத்தாங்க. நியூயார்க்கில் நடந்த விருந்துக்கு வந்த ஆண்கள் எல்லாரும் கத்தரிப்பூ கலர் டை கட்டிக்கிட்டு வந்தாங்க. அடுத்த வருஷம் 1907 ஜூலை 14-ல் காலமானார்.

இப்போ உங்க டியூபைத் திருப்புங்க

பெயின்ட் டியூபின் முன்பக்கம் இருக்கிற அழகான பெயரை நம்பாதீங்க. பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு கோடு இருக்கும், அதுதான் ஜாதகம். என்.ஆர்.9 இருந்தா நிஜமான மேடர் வேர். மென்மையான, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் ரோஸ். விலை கூட, வெள்ளையோடு கலந்து மெல்லிசா பூசினா வெளிச்சத்தில் மங்கும். பி.ஆர்.83 இருந்தா பெர்கின் காலத்து அலிசரின். இன்னும் ஆழமான சிவப்பு, ஆனா இதுவும் மெல்லிய பூச்சில் வெளுக்கும். டியூப் பெயரில் 'பர்மனென்ட்' அலிசரின்னு போட்டிருந்தா உள்ளே இருக்கிறது பெரும்பாலும் வேற நிறமி.

நீங்க தேட வேண்டியது பி.வி.19, பி.ஆர்.122. ரெண்டுமே குயினாக்ரிடோன் குடும்பம். 1935-லேயே ஆய்வுக் கட்டுரையில் வந்தது, 1958-ல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. கார் பெயின்ட்டுக்கே தாங்கும்னா பார்த்துக்கோங்க. மூலக்கூறுகள் ஒண்ணோடொண்ணு கைகோத்து இறுக்கமா அடுக்கியிருப்பதுதான் காரணம், வெளிச்சம் அவ்வளவு சீக்கிரம் உடைக்க முடியாது. பி.வி.19-ல் ஒரு விநோதம் உண்டு. ஒரே மூலக்கூறு, படிகமா அடுக்குற விதம் மாறினா ஒரு டியூபில் ரோஸ், இன்னொரு டியூபில் ஊதா. அதனால் கோடோடு கலரையும் பார்த்து வாங்குங்க. அந்த மூலக்கூறில் ரெண்டு மீத்தைல் தொகுதியை ஒட்டினா பி.ஆர்.122, அதாவது மெஜந்தா. பெர்கினின் அழுக்கு அனிலினில் கலந்திருந்த டொலுயிடினில் இருந்ததும் ஒரு மீத்தைல்தான், மறந்துடாதீங்க.

ரெண்டில் எது? குளத்துத் தாமரையும் கன்னச் சிவப்பும் வரையணும்னா பி.வி.19 ரோஸ். மஞ்சளோடு சேர்த்தா சூடான சிவப்பு, ஆரஞ்சு வரை போகும். வாடாமல்லி, சாயங்கால வானம், பட்டுப்புடவை நிழல்னா பி.ஆர்.122. நீலத்தோடு சேரும்போது அழுக்கில்லாத ஊதா தரும். பிரின்டர் மெஜந்தா இங்க்கிலும் பல கம்பெனிகள் இதைத்தான் போடுது. ஒண்ணு வாங்கத்தான் காசு இருக்குன்னா என் ஓட்டு ரோஸுக்கு, அதை நீலத்தோடு இழுத்து மெஜந்தா பக்கம் கொண்டுபோகலாம், மெஜந்தாவை ரோஸ் ஆக்குறது கொஞ்சம் சிரமம்.

கண்ணைக் கூசவைக்கிற மலிவு பிங்க் டியூபில் பி.ஆர்.81, பி.வி.1 மாதிரி கோடு இருந்தா கீழே வெச்சுடுங்க. ரோடமைன் குடும்பம். 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாயைத் தடை பண்ணிச்சே, அதுக்குக் காரணமான அதே ரோடமைன்தான். சந்தேகமா இருந்தா சர்ச் செஞ்ச மாதிரி நீங்களும் செய்யலாம். ஒவ்வொரு கலரையும் வெள்ளையோடு கலந்து அட்டையில் பட்டை பட்டையா பூசி, காய்ஞ்சதும் பாதியை அலுமினிய ஃபாயிலால் மூடி, நல்லா வெயில் படுற ஜன்னலில் ஒட்டுங்க. டெல்டாவின் சித்திரை, வைகாசி வெயிலுக்கு மேல ஒரு லேப் எங்கே இருக்கு? ரெண்டு மாசம் கழிச்சு ஃபாயிலை எடுத்துப் பாருங்க.

ஓவியத்தில் மங்குற இந்த அலிசரின், துணியில் மட்டும் பிடிவாதக்காரன். படிகாரத்தோடு சேர்ந்து நூலுக்குள்ளேயே இறங்கிடுறதால, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருட்டில் பத்திரமா வெச்சிருக்கும் 18-ம் நூற்றாண்டுச் சோழமண்டலத் துணிகளில் சாயவேர்ச் சிவப்பு இன்னும் சிவப்பாவே இருக்கு.

பெர்கினின் பிள்ளைகளும் கெமிஸ்ட்ரிதான். அவங்களில் ஆர்தர் ஜார்ஜ் பெர்கின், அப்பா தொழிலுக்கு நேர் எதிர்ப்பக்கம் போய், செடிகளிலிருந்து வரும் இயற்கைச் சாயங்களை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். 1893-ல் ஹம்மல் என்பவரோடு சேர்ந்து அவர் பிரிச்சுப் பார்த்தது நம்ம சாயவேரை. அதுக்குள்ளே இருந்து அவர் எடுத்தது, அவங்க அப்பா கிரீன்ஃபோர்டில் டன் டன்னா செஞ்சு வித்த அதே அலிசரின்.